குந்தாத முட்டி

டாக்டர் ஜெபராணியின் முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகளையும் படித்துத் தேறிய செயற்கை முட்டியை அவள் அம்மாவுக்கே பொருத்தினார்கள். மறுமாதம் மீன் சந்தையில், தன் கடையில் மீன் அரிய அம்மா குந்தப் போனாள். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு, "இதற்கு மேல் மடக்கக் கூடாது, ஆய்வு முடிவு" என்றது.

"யாரு முட்டிய வச்சுடி ஆராய்ச்சி பண்ண?" என்றாள் அம்மா, கூட வந்திருந்த ஜெபராணியிடம்.

"புட்பால் ஆடறவங்கள வச்சும்மா."

"அவனுங்க என்னிக்குடி குந்தி மீன் அரிஞ்சானுங்க?"

அம்மாவின் பழைய முட்டி குந்தி உழைத்துத்தான் ஜெபராணி வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள். ஆராய்ச்சி செய்தபோது பட்டதாரிக்கு அது ஞாபகமே வரவில்லை. முட்டியின் மனதை மாற்ற இன்னொரு ஆய்வு வேண்டும், ஐந்து வருடம் ஆகும். வாடிக்கைக்காரர்கள் நகரத் தொடங்கியதும், புடவையை இழுத்துச் செருகி அரிவாள்மனை முன் ஜெபராணியே குந்தினாள். இரண்டு முட்டியும் சடசடத்தன.

"வால்லருந்து செதில் எடு, டாக்டரே" என்றாள் அம்மா, நின்றபடி.