சுண்டுவின் பச்சைப் பாய்

சோபாவின் வலது ஓரத்தில் உள்ளங்கை அளவு ஈரம்.

"சுண்டு!" என்று நான் போட்ட சத்தத்தில், என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவின் கையில் காபி தளும்பியது.

"பாருங்க, உங்க பொண்ணு நாய் வளர்க்கிற லட்சணத்தை. வீட்டுக்கு மனுஷங்க வந்திருக்கிற நேரத்துல!"

இந்த வீட்டுக்குள் நாய்க்கு ஒரு கழிப்பிடம் அமைப்பார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவன் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன்.

குளியலறை மூலையில் ஒரு தட்டு. அதன்மேல் புல்தரை மாதிரி ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பாய். மாடியில் குடியிருப்பதால் ஒவ்வொரு முறையும் நாயைக் கீழே கொண்டுபோக முடியாதாம்.

அது தூங்கி எழுந்தால் மருமகள் தூக்கிக்கொண்டு ஓடுவாள். தின்று முடித்தால் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பாயில் இறக்கிவிட்டு, "மூச்சா போ கண்ணு, போடா தங்கம்" என்று கெஞ்சுவாள்.

பூனையைவிடச் சின்னப் பிராணி. அது மோந்து பார்த்து, மூன்று சுற்று சுற்றி, யோசனை செய்து, ஒருவழியாகப் பின்காலை மடக்கினால் வீடே கை தட்டும். என் மகனும் சேர்ந்து தட்டுவான். கையில் பிஸ்கட் வேறு தயாராக இருக்கும்.

நான் துறைத் தலைவரான அன்று இந்த வீட்டில் ஒருவரும் கை தட்டவில்லை.

இத்தனை சீராட்டியும் வீட்டில் ஈரம் நின்றபாடில்லை. ஒரு நாள் சோபா. ஒரு நாள் சாப்பாட்டு நாற்காலி. இன்னொரு நாள் எங்கள் படுக்கையறை வாசல்.

ஒவ்வொரு முறையும் முதலில் பார்த்தவன் நான். கத்தியவன் நான். துடைத்தவனும் நான்தான். "விடுங்க மாமா, நான் துடைக்கிறேன்" என்று மருமகள் துணியோடு ஓடிவந்தால் கிட்டேயே விடமாட்டேன்.

"நீ போய் உன் செல்லத்துக்குப் பாடம் நடத்து. இதை நான் பாத்துக்கறேன்."

கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது. நாயைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றாள். அதற்கும் நான்தான் குறுக்கே நின்றேன்.

"உள்ள கொண்டு வந்ததைப் பாதியில துரத்துற குடும்பம் இல்ல இது. வாங்கினல்ல, பழக்கு!"

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இருந்தாலும் கத்தறீங்க, அனுப்பறோம்னாலும் கத்தறீங்க. நாங்க என்னதான்ப்பா செய்யறது?"

கேட்கிறான் பார், கேள்வி.

என் பேச்சு எடுபடவில்லை. நாயை அழைத்துப்போகத்தான் இன்று சம்பந்தியம்மா வந்திருந்தார்.

"எங்க அது? எங்க ஒளிஞ்சிருக்கு?" என்று குனிந்து சோபாவின் அடியில் தேடினேன். இன்னும் நாலு வார்த்தை திட்ட வேண்டியிருந்தது.

சமையலறையிலிருந்து மருமகள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மாமா, சுண்டு வீட்லயே இல்ல. குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர அவர் காலையிலயே கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரே."

காலையில் நான் நடக்கப் போயிருந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.



சம்பந்தியம்மாவின் பார்வை சோபாவுக்குப் போனது. அங்கேயே சற்று நின்றது. பிறகு மெல்ல நகர ஆரம்பித்தது.

நான் அந்த ஈரத்தின்மேல் உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தி, நன்றாகவே உட்கார்ந்தேன்.

"நான்தான்" என்றேன். "என்ன பாக்கறீங்க? வயசாச்சு, அடக்க முடியல. இதுக்கு ஊரையா கூட்டணும்?"

மருமகள் தரையைப் பார்த்தாள். வாயில்லாத ஜீவன்மேல் இத்தனை நாளும் பழி போட்ட பெரிய மனிதரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பது குனிந்த தலையிலேயே தெரிந்தது. நினைக்கட்டும்.

சம்பந்தியம்மா தணிந்த குரலில் என் மனைவியிடம் சொன்னார். "பாவம் நீங்க. வெளிய சொல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. உதடு பிரிந்தது. அவளுக்குப் பொய் வராது.

"பேசிட்டே நிக்காத. உள்ள போய் எனக்கு வேற பேன்ட் எடுத்து வை!"

நாலு பேர் முன்னால் நான் அவளை அதட்டியதே இல்லை. சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அப்படியும் அவள் அசையவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

எழுந்து அவளிடம் போனேன். தோளைப் பிடித்து நகர்த்தி, சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நுழைந்துகொண்டேன்.

அவள் முன்னால் நடந்தாள். நான் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனேன்.

"சுண்டு இங்கயே இருக்கட்டும்மா" என்று மருமகள் தன் அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் மனைவியின் நனைந்த சேலை அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.