செவத்தையா வகையறா

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்களில் செவத்தையா வகையறா என்றொரு கூட்டம் உண்டு. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே பாறைதான். எங்கிருந்தோ வந்த இன்னொரு பாறை மோதியதில் உடைந்து, அதே பாதையில், அதே சிவப்பு நிறத்தோடு சேர்ந்தே சுற்றுகின்றன. இருக்கிற துண்டுகளில் பெரியது செவத்தையா. அதனால் கூட்டத்துக்கே அந்தப் பெயர்.

ஒருநாள் வெயில் நன்றாகப் பட்டபோது ஒரு கல் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"ஏப்பா, நீ யாரு வீட்டுப் பய?" என்றது செவத்தையா.

"இத்தனை காலமா உங்க கூடத்தானே சுத்துறேன், பெரியப்பா?"

"பெரியப்பாவாம்! தள்ளுங்க அவனை வெளியே," என்றது ஒரு பொடிக்கல்.

வெளியே ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் விழும் கல்லை வியாழன் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் சூரியனுக்குள்ளேயே தள்ளிவிடும். கறுப்புக் கல் அவசரமாக வாயைத் திறந்தது.

"உண்மையைச் சொல்லிடுறேன். உங்க மேல ஒரு பாறை வந்து மோதுச்சே, அதோட மிச்சம் நான். மத்ததெல்லாம் தூளாப் போச்சு."

செவத்தையா மெதுவாக ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டது.

"அடடா! அப்ப நீங்க சம்பந்தி வீடுல்ல! டேய் பொடியா, சம்பந்திக்கு இடம் விடுடா!"

பதறி ஒதுங்கிய பொடிக்கல்லுக்கு நிற்கத் தெரியவில்லை. அதே வேகத்தில் பக்கத்து வகையறாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

செவத்தையா பின்னாலிருந்து கத்தியது: "போறதுதான் போற, நல்ல இடமாப் பாத்து மோதுடா!"