செயின் தாவுகிறது

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, ராஜபாளையம் சாலையோரத்தில் செல்லக்கனி தன் பந்தய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுகிறாள். காலை வெயிலில் மினுங்கி ஓடும் செயின், ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’கென்று ஒரு பல் தாவுகிறது. அவளுக்கு நிச்சயமாகியிருக்கும் காளிராஜ், வெள்ளை ஷூவில் கிரீஸ் பட்டுவிடாதபடி தள்ளி நின்று கூலிங்கிளாஸைத் துடைக்கிறான். செயினை இணைக்கும் லிங்க்கை நேற்று தானே கடையில் வாங்கிவந்து பிடிவாதமாக மாட்டியவன் அவன்தான். “ஒனக்கு மிதிக்கத் தெரியலட்டி. கல்யாணத்துக்குப் பொறவு பந்தயம் கிந்தயமெல்லாம் கெடையாது, பாத்துக்க.” தாவும் இடத்தில் அவள் பெடலை நிறுத்துகிறாள். லிங்க் செயினைவிடத் தடிமனாக இருக்கிறது. பக்கத்துப் பல்சக்கரத்தில் இடிக்கிறது. “எட்டு கியர் லிங்க்க பத்து கியர் செயின்ல மாட்டியிருக்கிய.” “எல்லாம் ஒண்ணுதாம்ட்டி,” என்று சிரிக்கிறான். அவள் குறடால் லிங்க்கை நெருக்கிக் கழற்றி, பையிலிருந்த சரியான லிங்க்கைக் கோக்கிறாள். சைக்கிளை நிமிர்த்தி, பின்பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஓங்கி மிதிக்கிறாள், லிங்க் இறுகுகிறது. “பந்தயம் முடியட்டும். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.” “என்னத்த?” “ஒங்கள எனக்குப் பிடிக்கலன்னு.” அவள் ஏறி மிதித்துப் போகிறாள். காளிராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சாலையின் இருபுறமும் பார்க்கிறான்.