இரண்டு முழத் துணி

குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பத்தாம் நாள் அவள் கணவரின் அடிவயிற்றில் தையல் பிரிந்துவிட்டது. புண் அடியிலிருந்துதான் ஆறி வர வேண்டுமாம். தினமும் காலையில் உள்ளிருக்கும் கட்டுத்துணியை உருவி எடுத்துவிட்டு, புதிதாக இரண்டு முழம் வைத்துத் திணிக்க நர்ஸ் அவளுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினாள்.

"துணி ஒரு துண்டுகூட உள்ளே தங்கக் கூடாதும்மா. தங்குனா சீழ் வச்சு ஆளையே கொண்டுபோயிடும். நுனி வர்ற வரைக்கும் எடுக்கணும்."

மறுநாள் இரண்டரை முழம் வந்தது. அதற்கு மறுநாள் மூன்று. ரத்தமில்லை, வாடையில்லை. அவள் போன் செய்து சொன்னாள்.

"சுத்தமாத்தானே வருது? நல்ல அறிகுறி. நீங்க அளந்தது தப்பா இருக்கும்" என்றாள் நர்ஸ்.

கணவர் சிரித்தார். "உள்ளே தறி போட்டுட்டாங்கடி. ஜன்னலுக்குத் திரை தச்சுக்கோ."

அந்த வாரம் அவருடைய மோதிரம் இரண்டு முறை கழன்று விழுந்தது.

துணி மாற்றத் தொடங்கிய ஒன்பதாம் நாள் அவள் பாதியில் கையை நிறுத்தினாள். மடி நிறையத் துணி. அவர் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது.

"ஏன் நிறுத்திட்டே?"

"இதோட கத்தரிச்சுடட்டுமாங்க?"

"மிச்சம் உள்ளே தங்குனா செத்துப்போவேன்டி. இழு. வலிக்கவே இல்லை."

அவள் இழுத்தாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் கழித்து, "நுனி வந்துடுச்சா?" என்று அவர் கேட்டார்.

இல்லை என்று தலையணையைப் பார்த்துச் சொன்னாள். அவர் குரல் அவள் மடியிலிருந்து வந்திருந்தது.