பூப்போட்ட சட்டை

‘பொண்டாட்டி வயித்து வலியில துடிக்கிறான்னு நேத்து என்கிட்ட அழுதவன் இவன்தானா?’

டிரம் அண்ணனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

படகுத்துறை வரிசையில் அவருடைய தங்கை. தலையில் சுளகு மாதிரி வெள்ளைத் தொப்பி, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் மாப்பிள்ளை. பூப்போட்ட சட்டை, கழுத்தில் கேமரா! அவர் தோளில் சாய்ந்துகொண்டு அவள் சிரிக்கிறாள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

தீவில் கோடை விழா வாரம். படகில் வந்திறங்குகிற விருந்தாளிகளை டிரம் அடித்து வரவேற்பதும், அதேபோல் வழியனுப்புவதும் அண்ணனின் வேலை. நேற்று மாப்பிள்ளை இங்கேதான் ஓடிவந்தார்.

“மச்சான், ஒரு எட்டு வந்து பாருங்க. மூணு நாளா அவளுக்குச் சோறு தண்ணி இறங்கல.”

“விழா நேரத்துல எப்படிப்பா நகர முடியும்? வெந்நீர் ஒத்தடம் குடு, சரியாயிடும்.”

அனுப்பிவிட்டாரே தவிர, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண். தூக்கி வளர்த்தவர் இவர்தான்.

இவர் தூக்கம் கெட்டு நிற்க, இவர்களுக்கு ஜோடி போட்டு ஊர்சுற்றல்! டிரம் குச்சியோடு விறுவிறுவென்று போனார்.

“ஏண்டி, வயித்து வலின்னு சொல்லி என்னையே ஏமாத்துறியா?”

தங்கை சிரிப்பை விடவில்லை. வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

“கும்பிடறேன் மச்சான், போயிடுங்க,” என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது.

“யாரைப் போகச் சொல்ற? ஹோட்டல் லாண்டரியில துணி பிழியிறவனுக்குக் கேமரா ஒரு கேடா? கூடப்பொறந்த அண்ணன் நிக்கிறேன், இவ கண்ணுக்கே தெரியல!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. டிக்கெட் பார்ப்பவரும் பார்த்தார். அவர் விழாவுக்காக அக்கரையிலிருந்து வந்தவர். உள்ளூர் முகம் ஒன்றும் தெரியாது.

“ஓ, உள்ளூரா? ரெண்டு பேரும் வெளிய வாங்க. விழா முடியுற வரைக்கும் போட் விருந்தாளிங்களுக்கு மட்டும்தான்னு தெரியாதா?”

தெரியாமல் என்ன? ஊர்க் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, “ஒரு வாரம்தானே, நாம பொறுத்துக்க மாட்டோமா?” என்று முதலில் கை தூக்கியவரே நம் அண்ணன்தான்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். தீவு நர்ஸ் எழுதிய சீட்டு. ‘குடல்வால் வீக்கம். இன்றே அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும்.’

“இதைக் காட்டிக் காலையிலயே கேட்டேன் மச்சான். அவசர போட் வாணவெடி ஏத்திட்டு வரப் போயிருக்காம். சாயங்காலம் வாங்கன்னுட்டாங்க.”

அதற்குள் வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அண்ணன் ஓடிப்போய் டிக்கெட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, என் தங்கச்சிய்யா. எப்படியாவது ஏத்திக்கங்க!”

“இன்னும் ஒரு ஆள் ஏறினாக்கூட போட் தாங்காது. நீங்களே பாருங்க.”

சங்கு ஊதிவிட்டுப் படகு நகர்ந்தது. “டிரம் சத்தத்தைக் காணோமே!” என்று மேல்தட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.

தங்கை அண்ணனின் காலடியில் சுருண்டு உட்கார்ந்தாள். தொப்பி விழுந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

“முகத்தைச் சுளிச்சா உள்ளூர்க்காரின்னு தெரிஞ்சிடும், உயிர் போனாலும் சிரிச்சுக்கிட்டே இருன்னு அவர்தான் சொன்னாருண்ணா.”