நீல டிரம்முக்குப் பின்னால்

நெட்டுக்குப்பத்தில் ஒழுக்கம் என்று ஒன்று இருந்ததென்றால், அது குப்பத்துத் தலைவர் லோகநாதனின் முதுகெலும்பில்தான் இருந்தது. அந்த முதுகெலும்பைத்தான் டாக்டர்கள் திறந்து, நசுங்கிக் கிடந்த நரம்பை விடுவித்து அனுப்பினார்கள். வலி போனது. கூடவே இடது காலில் உணர்ச்சியும் போனது. ஊசி குத்தினால்கூடத் தெரியவில்லை. அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். கால் தன் இஷ்டத்துக்கு நடக்கும் என்று அவர் சொல்லவில்லை.

முதல்நாள் நடைப்பயிற்சிக்கு, மனைவி மங்கை கையைப் பிடித்துக்கொள்ள, கோயிலுக்குக் கிளம்பினார். இடது கால் கழிமுகத்துப் பக்கம் திரும்பியது.

"தலைவரே, கோயிலு அந்தாண்ட கீது!" என்றார்கள் வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்.

லோகநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. "வூட்டுக்குப் போலாம் மங்க. காலு எம்பேச்ச கேக்கல."

"வுடுய்யா, எங்கதான் போவுதுன்னு பாக்கலாம்."

தனியாக இருக்கும் மீன்காரி பட்டம்மாளின் வாசலில் கால் நின்றது. செருப்பை உதறியது. தெருவில் போகிறவர் கண்ணில் படாதபடி, அதை நீல டிரம்முக்குப் பின்னால் மெல்லத் தள்ளியது.

மங்கை குனிந்து பார்த்தாள். கோயில் வாசலில் திருடு போய்விட்டதென்று போன மாசம் அவர் பஞ்சாயத்தே கூட்டிய செருப்பு, அங்கே ஜோடியாக இருந்தது.