கடைசித் தெரு

"சீக்கிரம் காட்டுங்க. புயல் வர்றதுக்குள்ள மாட்டியாகணும்" என்று சோலார் கடைக்குள் ஓடி வந்தவரின் கண்களில் தூக்கமே இல்லை.

"இந்தச் சின்ன பேட்டரி போதும் சார். ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"பத்தாதுங்க. என் வீட்டுக்காரியோட மூச்சு மெஷின் நிக்கக் கூடாது. பத்து மணி நேரம் வேணும்."

"பத்தா! எங்க தெருவுக்கு ரெண்டே மணி நேரத்துல கரண்ட் வந்துடுதே?"

"எங்க தெருவுக்கு எப்பவும் கடைசியாத்தான் வரும்."

"அந்த லைன்மேன் சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்க வேண்டியதுதானே!"

"வீட்டுக்காரி தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கா" என்று அலுப்புடன் பெரிய பேட்டரியைச் சுட்டிக்காட்டினார் வந்தவர். "என் வீட்டு லைனை நான் முதல்ல சரி பண்ணினா, மத்த தெருக்காரங்க முகத்துல எப்படிங்க முழிப்பேன்?"